தைக்காத வயிறு

சங்கரன்கோவில்காரர்களுக்கு வயிற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணிக்குப் பேர்போன ஊர். உடம்புக்கு ஏதாவது என்றால் பூசிக்கொள்ள கோயில் புற்றுமண்ணும் உண்டு. இந்த வாரம், இரண்டுக்கும் அடங்காத ஒரு வயிறு.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பைக் விபத்து. வயிற்றில் பலத்த அடி. 108-ல் ஏற்றி, சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி நெல்லையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. விடிகாலையில் ஆபரேஷன் முடிகிறது. ஐ.சி.யு.வில் எட்டிப் பார்த்த மாமா அலறுகிறார்: "ஏலே, வயித்தைத் தைக்காமலே விட்டுட்டானுவளே! உடனே மதுரைக்குக் கொண்டு போயிருவோம்!"

மாமாவை உட்கார வையுங்கள். அது மறதி இல்லை, தீர்மானம்.

நிறைய ரத்தம் போனவருக்கு உடம்பு சில்லிட்டு, ரத்தம் உறையும் சக்தியும் போய்விடும். அந்த நிலையில் நாலு மணி நேரம் சாவகாசமாக ஆபரேஷன் செய்தால் ஆள் மேஜையிலேயே போய்விடுவார். எனவே ரத்தப்போக்கை நிறுத்து, குடல் ஓட்டையை அடை, ஐ.சி.யு.வுக்கு அனுப்பு. மீதி நாளைக்கு. 1993-ல் ஃபிலடெல்ஃபியா சர்ஜன்கள் இதற்கு 'டேமேஜ் கன்ட்ரோல்' என்று பேர் வைத்தார்கள். கடற்படை வார்த்தை. அடிபட்ட கப்பலுக்கு நடுக்கடலில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. முதலில் கரை சேர்க்க வேண்டும்.

இன்னொரு காரணம், வீக்கம். வீங்கிய குடலை உள்ளே திணித்து இழுத்துத் தைத்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவன் சூட்கேஸ் கதைதான். உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீரகம் மக்கர் பண்ணும், மூச்சு திணறும். ஐ.சி.யு. நோயாளிக்கு இந்த அழுத்தம் சாதாரணமாக 5 முதல் 7 மில்லிமீட்டர். 20-ஐத் தாண்டி, உறுப்புகளும் தடுமாறினால் ஆபத்து. இதை அளப்பது எப்படி தெரியுமா? மூத்திர டியூப் வழியாக!

மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு கதை உண்டு. 1984-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஆஸ்வால்டோ போராயஸ் என்ற இளம் டாக்டர், சலைன் பையை வெட்டி விரித்து வயிற்றின் மேல் தைத்தார். பேரே 'பொகோட்டா பை' ஆகிவிட்டது. இப்போது நீரை உறிஞ்சும் வாக்குவம் கருவிகள் வந்துவிட்டன.

அதற்காக இஷ்டத்துக்குத் திறந்து போடவும் முடியாது. 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி தியேட்டர். ஒரு வாரத்துக்குள் மூடிவிட்டால் உத்தமம். தாமதமானால் வயிற்றுத் தசைகள் ஒதுங்கிவிடும். குடலில் புது ஓட்டை விழலாம். தவிர, கசியும் நீர் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 12 கிராம் புரதம் போகிறது. அதாவது இரண்டு முட்டை. ஆகவே ஊட்டமும் வைத்தியம்தான். அதற்காக, டாக்டரைக் கேட்காமல் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

டாக்டரிடம் சண்டைக்குப் பதில் மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்து எப்ப திறந்து பார்ப்பீங்க? எப்ப மூடுவீங்க? சாப்பாடு எப்படிப் போகுது?

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவலி, முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தினம் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் இரைப்பையில் ஓட்டை போடும். திடீரென்று கத்தி குத்தினாற்போல் வலித்து, வயிறு பலகை மாதிரி இறுகினால், சோடா குடித்துவிட்டு விடியக் காத்திருக்காதீர்கள்.

மாமா பேசி வைத்த மதுரை வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். மிச்சமாகும் பணம் முட்டை வாங்க உதவும்.