தாத்தா வீட்டின் தேய்மானம்

பி.காம். படித்தவனைக் குடும்பத்தில் இரண்டு சமயங்களில்தான் தேடுவார்கள். ஒன்று, கல்யாணத்தில் மொய் எழுத. இன்னொன்று, சொத்து பிரிக்க. போன வருஷம் என்னைத் தேடியது இரண்டாவதற்கு.

திருவல்லிக்கேணியில் தாத்தா கட்டிய வீடு. வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், மாடியில் ஒரே ஓர் அறை. பங்குதாரர்கள் நாலு பேர். பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைகள். குடியிருப்பவர்கள் பெரியப்பா, பெரியம்மா மற்றும் ஏராளமான அணில்கள்.

பில்டர் ஒருவர் வந்தார். காரை விட்டு இறங்கும்போதே அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

“வயசு என்ன சார்?”

“எழுபத்தெட்டு” என்றார் பெரியப்பா.

“உங்களைக் கேக்கலை சார், வீட்டைக் கேட்டேன்.”

“அதுக்குத் தொண்ணூறு.”

“அப்ப லைஃப் முடிஞ்சு போச்சு சார்.”

யாருடைய லைஃப் என்று பெரியப்பாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

பில்டர் சொன்னது கணக்குப்படி சரிதான். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தில் தேய்மானம் போடுவதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருஷம். மற்ற கட்டடங்களுக்கு 30. அந்தக் கணக்கில் பார்த்தால், பெரியப்பாவுக்கு மீசை முளைத்த நாளிலேயே வீடு காலி! ஆனால் கணக்குப் புத்தகம் மொட்டை மாடியில் ஏறிப் பார்ப்பதில்லையே?

குழப்பத்தோடு கடற்கரைப் பக்கம் நடந்தேன். எதிரே ஐஸ் ஹவுஸ். பலகையில் 'விவேகானந்தர் இல்லம்' என்று இருந்தாலும், “ஐஸவுஸ் எறங்கு” என்றால்தான் நமக்கு இறங்கவே வரும்.

1842-இல் கட்டிய கட்டடம் அது. அமெரிக்காவில் ஏரி, குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, ஃபிரடெரிக் டியூடர் என்பவரின் கம்பெனி கப்பலில் கொண்டுவந்து இறக்கிவைத்த கிடங்கு. இங்கேயே மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் கரைந்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி, ஜன்னல்கள் வைத்து வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கினார். பிறகு மடம். அதற்கும் பிறகு, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகளின் விடுதி. மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் அங்கே தங்கிப் படித்து டீச்சர்களாக வெளியே வந்தார்கள். 1963-இல் பெயர் மாற்றம். 1997-இல் ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்குப் போய், இப்போது கண்காட்சி.

இத்தனை உத்தியோகம் மாறின பையனுக்கு நாம் பெண் கொடுப்போமா? ஆனால் கட்டடத்துக்கு அதுதான் ஆயுசு. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் ஹவுஸ்கள் இன்று இல்லை. ஐஸ் போனதும் இங்கேயும் கடப்பாரையைத் தூக்கியிருந்தால், அந்தப் பெண்கள் எந்த மாடியில் உட்கார்ந்து படித்திருப்பார்கள்?

மறுநாள் ஓர் இன்ஜினீயரையும் ஒரு வயசான கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அஸ்திவாரமே போயிருந்தால் இடித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடிக்கலாம் இல்லையா?

எங்கள் வீட்டுக் கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நெருக்கி நிறுத்தி வைத்தது. கொத்தனார் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார். இரண்டே இரண்டு கட்டைகளின் நுனி உளுத்திருந்தது. நேர் மேலே, மாடி பாத்ரூம் பைப்.

“வீட்டுக்கு வியாதி இல்ல தம்பி. குழாய்க்குத்தான். அப்புறம், சுண்ணாம்புச் சுவத்து மேல எவனோ சிமென்ட் பூசி வெச்சிருக்கான். உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம சுவரு மூச்சுத் திணறுது.”

அந்த 'எவனோ' என் அப்பா. நான் பிறந்த சந்தோஷத்தில் பூசியது.

பில்டரின் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'இடிக்கும் செலவு: இலவசம்' என்று இருந்தது.

“தேக்குக் கட்டை, கதவு, நிலையெல்லாம் யாருக்கு சார்?”

“அது... எங்களுக்கு.”

இலவசத்தின் ரகசியம் புரிந்தது. அந்தத் தாளில் வராத செலவு இன்னொன்று உண்டு. சிமென்ட் செய்ய, சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். ஒரு டன் சிமென்ட்டுக்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு. தாத்தாவின் செங்கல்லும் சுண்ணாம்பும் விட வேண்டிய புகையைத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே விட்டாகிவிட்டது. இடித்தால் அந்தப் புகை வீண். கட்டினால் புதுப் புகை வேறு.

இதையெல்லாம் குடும்பக் கூட்டத்தில் ஐஸ் ஹவுஸ் சகிதம் விளக்கினேன். பெரியப்பா கை தட்டாத குறை. சின்ன அத்தை மட்டும் பேசவில்லை. தாம்பரத்தில் வாடகை வீடு, இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போகிறது.

“உங்களுக்கெல்லாம் இது ஞாபகம். எனக்குப் பணம்டா. ஞாபகத்தைக் குடுத்தா டாக்டர் காலை சரி பண்ணுவாரா?”

ஐஸ் ஹவுஸில் இதற்குப் பதில் இல்லை.

அப்புறம்தான் நிஜமான கணக்கு ஆரம்பமானது. குழாயை மாற்றி, இரண்டு கட்டைகளைச் சரி செய்து, சிமென்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினோம். செலவு அப்பாவும் பெரியப்பாவும். (பாங்கில் எனக்குக் கடன் கிடையாது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஏது சம்பளச் சீட்டு?) பின்கட்டு பெரியப்பாவுக்கு. மாடி அறையில் இரண்டு பேச்சலர்கள். முன்பக்கத் திண்ணையும் கூடமும் ஒரு பிசியோதெரபி க்ளினிக்குக்கு. அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் அப்படியே அத்தையின் ஆபரேஷனுக்கு. மாத வாடகையும் அவருக்கே, பங்குக் கணக்கில். பில்டர் சொன்ன தொகையைவிட இது குறைவுதான். அதை அத்தையிடம் மறைக்கவில்லை.

“மூணு வருஷம் பாக்கறேன். சரியா வரலேன்னா இடிச்சுடுங்க” என்று கெடு வைத்திருக்கிறார். நியாயம்தான்.

காலேஜில் தேய்மானத்துக்கு இன்னொரு முறையும் சொல்லிக்கொடுத்தார்கள். வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் மட்டும் கழிப்பது. மதிப்பு குறைந்துகொண்டே போகும், பூஜ்யம் மட்டும் வராது. நான் அரியர்ஸ் வைத்த பேப்பர். இப்போதுதான் புரிந்தது.

போன வாரம் போயிருந்தேன். ஆபரேஷன் முடிந்து, கூடத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அத்தை நடை பழகிக்கொண்டிருந்தார். பிறந்ததும், முதல்முதலாக நடை பழகியதும் அதே கூடத்தில்தான். கண் கலங்கியிருந்தது. நெகிழ்ந்துபோய்ப் பக்கத்தில் போனேன்.

“என் அப்பா கட்டின கூடத்துல நான் நடக்கறதுக்கு, என்கிட்டயே ஃபீஸ் கேக்கறான்டா!”