பாலா? பணமா?

பாலில் தண்ணீர் கலப்பது நமக்கொன்றும் புதிதல்ல. சீனதேசத்துப் பால் வியாபாரிகள் சிலர் 2008-ம் வருஷம் செய்ததைக் கேளுங்கள். தண்ணீர் கலந்த பால் புரதச் சத்துச் சோதனையில் பிடிபட்டுவிடுமல்லவா? சோதனையோ நைட்ரஜனைத்தான் அளக்கும். ஆகவே நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்னும், பிளாஸ்டிக் செய்கிற சரக்கைப் பாலில் கரைத்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தன. சிறுநீரகத்தில் கல் கட்டி 6 குழந்தைகள் மாண்டன. இதையும் தலைவிதி என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? சன்லு என்ற பெரிய கம்பெனியோ, விஷயம் தனக்குத் தெரிந்த பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் மூடி மறைத்து விற்றது! 2009-ல் இருவருக்கு மரண தண்டனை நிறைவேறிற்று. அது கிடக்கட்டும். கலந்தவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பாலை ஒரு பாலாடையாவது புகட்டியிருப்பார்களா என்று கேட்கின்றோம்.