பெட்டியைப் பார்க்கிறார்கள்; திரையைப் பார்ப்பதில்லை!

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கினால் போதும். நடுத்தரக் குடும்பத் தலைவருக்குப் புதுக் கவலை பிறந்துவிடுகிறது. மகனுக்கோ மகளுக்கோ கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும். சேமிப்பைக் கரைக்கும் செலவு. புடவைக் கடையில் முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பவர்கள், கம்ப்யூட்டர் கடையில் மட்டும் விற்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்!

விற்பவர் ஓதுவது பெரும்பாலும் ஒரே மந்திரம்: "இது ஐ-7 சார்!" ஐ-3ஐ விட ஐ-7 உயர்ந்தது என்பது ஒரே தலைமுறைக்குள்தான் உண்மை. 2013-ல் வந்த நான்காம் தலைமுறை ஐ-7ஐ, 2022-ல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ-3 வேகத்தில் வென்றுவிடும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்குவோர் இதைக் கவனிப்பது நல்லது. இன்டெல் சிப் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதென்றால், விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10-க்கோ வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது.

பிள்ளைகள் லாப்டாப்புக்கே அடம்பிடிப்பார்கள். விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு அது தேவைதான்; மறுப்பதற்கில்லை. வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து படிப்பவருக்கு? லாப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிய வேண்டும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும். டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை இல்லை. ராம் போதாவிட்டால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். மெலிந்த லாப்டாப்புகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கிய நாளில் எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை. (டெஸ்க்டாப் வாங்குவோர் யு.பி.எஸ். செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மானிட்டர்தான். நாள் முழுவதும் பிள்ளையின் கண் பதிந்திருப்பது சிப்பின் மீதல்ல; திரையின் மீது! காசையெல்லாம் பெட்டியில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு திரையை வாங்குவது தலைகீழ் வழக்கம். பெட்டி ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் அடுத்த பெட்டிக்கும் உழைக்கும்.

15.6 அங்குல லாப்டாப் திரையைவிட 24 அங்குல மானிட்டரின் பரப்பு இரண்டேகால் மடங்குக்கும் அதிகம். "அப்படியானால் 27 அங்குலமே வாங்கிவிடலாமே!" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை 24 அங்குலமானால், அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான். சினிமா பார்க்க இது போதும். தமிழ் படிக்க? னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று சுழி. தலையில் புள்ளி வேறு. சிறிய எழுத்தில் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். 27 அங்குலந்தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 உள்ளதாக வாங்க வேண்டும். அதில் அங்குலத்துக்குச் சுமார் 109.

டி.என். ரகத் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துத் தெரியும். அக்காளும் தம்பியும் ஒரே திரையைப் பங்குபோடும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். ரகமே ஏற்றது. 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் என்ற ஆரவாரமெல்லாம் விளையாட்டுப் பிரியர்களுக்கு. பாடம் எழுத 60 போதும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி இருக்கிறதா என்று கேட்பவர்தான் அபூர்வம்.

கடையில் ஓடும் வண்ண மீன் படத்தில் மயங்க வேண்டாம். ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, கை நீட்டும் தூரத்தில் மகளை உட்காரவைத்து, நாலு வரி படிக்கச் சொன்னால் போதும்.