இடிக்கும் முன்

சென்ற மாதம் நம் பங்குப் பேரவை கூடியபோது, கோவிலின் வடபுறத்தே பழுதுற்று நிற்கும் பழைய ஆலயத்தை இடித்துவிட்டு மண்டபம் எழுப்பலாமே என்னும் பேச்சு எழுந்தது. "இடம் நம்முடையது, கட்டடமும் நம்முடையது. இடிப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும், சாமி?" என்றார் அன்பர் ஒருவர். கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பதை யாவரும் அறிவர். இடிப்பதற்கும் வேண்டுமென்றால் வியக்கின்றனர்.

இலண்டன் மாநகரில் நடந்த ஒன்றை அவருக்குச் சொன்னோம். மதுக்கடையின் கதையைக் குருவானவர் சொல்வதா என்று முகம் சுளிக்க வேண்டா. கில்பர்ன் பகுதியில் 'கார்ல்ட்டன் டேவர்ன்' என்னும் கடை 1920–21இல் கட்டப்பட்டது. அதை அகற்றிக் குடியிருப்புகள் எழுப்ப விரும்பிய உரிமையாளருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி இசைவு தரவில்லை. 2015ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், சரக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று கூறி, நடத்தி வந்த அம்மையாரைக் கடையை மூடச் செய்தனர். ஏப்ரல் 8ஆம் நாள் இயந்திரங்கள் வந்து கட்டடத்தைத் தகர்த்தன. பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் அது சேரவிருந்த வேளை அது! ஊர் மக்கள் வாளாவிருக்கவில்லை. முன்பிருந்தவாறே திரும்பக் கட்டித் தருமாறு நகராட்சி ஆணையிட்டது. மேல்முறையீடும் 2016இல் தோற்றது. மக்கள் முன்னரே ஐயுற்று முறையிட்டிருந்ததால், சுவர் ஓடுகளின் அச்சும் நிழற்படங்களும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு எழுந்த கட்டடம் 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

திருச்சபையின் சட்டமும் இதில் மௌனமாயில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222ஆம் பிரிவின்படி, ஓர் ஆலயத்தை வழிபாட்டினின்று நீக்கும் அதிகாரம் ஆயருக்கே உரியது. அதுவும், செப்பனிட வழியே இல்லையென்றால்தான். வேறு கனத்த காரணம் காட்டினால், அவர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அவ்வாலயத்தில் முறையாக உரிமை கோருவோரின் இசைவையும் பெற வேண்டும். ஆன்மாக்களின் நலனுக்குக் குறைவு நேரலாகாது. பங்குக் குருவின் பெயர் அப்பிரிவில் எங்குமே இல்லை என்பதைச் சற்று நாணத்துடன் குறிப்பிடுகிறோம். பேரவையின் பேச்சுக்கு முதலில் தலையசைத்தவர்களில் நாமும் ஒருவர்.

நம் பழைய ஆலயமோ செப்பனிடக் கூடியதே. செலவுதான் மிகுதி. அதன் தளத்தில் மூன்று கல்லறைக் கற்கள் உள்ளன. அக்குடும்பத்தார் இன்றும் நம் பங்கிலேயே வாழ்கின்றனர். வடக்குச் சுவரையொட்டி ஒரு கைம்பெண்ணின் ஓட்டு வீடு இருக்கிறது. அவர் வீட்டு உத்திரத்தின் ஒரு முனை ஆலயச் சுவரின் மேல்தான் தங்கியிருக்கிறது. சுவர் சாய்ந்தால் கூரையும் சாயும். அன்றைய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். மண்டபத்தில் எத்தனை நாற்காலி போடலாம் என்பது வரை பேசினோம். அந்த அம்மையாரின் பெயர் ஒருமுறையேனும் எழவில்லை. ஊராட்சியிலிருந்து இடத்தைப் பார்வையிட வருபவர் கண்ணில் முதலில் படப்போவது அந்த உத்திரந்தான்.

ஆயர் இல்லத்துக்கு ஒன்றும் ஊராட்சி மன்றத்துக்கு ஒன்றுமாக இரு மனுக்கள் எழுதியுள்ளோம். இன்னும் அனுப்பவில்லை. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மையாரின் வீட்டுக்குச் செல்கிறோம். யாரைக் கேட்க வேண்டும் என்று வினவிய அன்பரும் உடன்வர இசைந்துள்ளார்.