தனியார் நிலத்தில் அணை... உடைந்தால் யார் பொறுப்பு? 7 உயிர்களைப் பறித்த 'கா லோகோ' சொல்லும் பாடம்

அணை என்றாலே நமக்கு ஞாபகம் வருவது அரசாங்கம் கட்டி, அரசாங்கமே பராமரிக்கும் பெரிய அணைகள்தான். ஆனால் தோட்டத்துக்கும் பண்ணைக்கும் தண்ணீர் பாய்ச்ச, தனியார் தங்கள் நிலத்திலேயே கட்டி வைத்திருக்கும் சின்ன அணைகளும் உலகம் முழுக்க இருக்கின்றன. அப்படி ஒரு அணைதான் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் உள்ள கவாய் தீவின் 'கா லோகோ'. 2006-ல் அது உடைந்தபோது 7 பேர் இறந்தார்கள். உரிமையாளருக்குத் தண்டனை கிடைக்க 8 வருஷம் ஆனது.

என்ன நடந்தது? யார் மீது தவறு? பார்க்கலாம்.

2006 மார்ச் 14: என்ன நடந்தது?

கவாய் தீவில் பிப்ரவரி பிற்பகுதியில் இருந்தே விடாமல் மழை. மார்ச் 14-ம் தேதி விடிவதற்கு முன்பு, எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரத்தில் கா லோகோ அணை உடைந்தது. சுமார் 40 கோடி கேலன் தண்ணீர் பள்ளத்தாக்கு வழியாகக் கடலை நோக்கிப் பாய்ந்தது. வழியில் இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. இறந்த 7 பேரில் ஒரு கர்ப்பிணியும் உண்டு.

40 கோடி கேலன் என்றால் சுமார் 5 கோடி கன அடி. டி.எம்.சி. கணக்கில் சொன்னால் 0.05-தான். அதாவது செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் 60-ல் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் இறங்கினால், கீழே இருப்பவர்களுக்கு ஓடக்கூட நேரம் இருக்காது. சின்ன அணைதானே என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது.

ஏன் உடைந்தது?

கா லோகோ 1890-ல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டப்பட்ட மண் அணை. மண் அணைக்கு உயிர்நாடி எது தெரியுமா? கலிங்குதான். ஏரி நிறைந்ததும் உபரி நீர் கரை மேல் ஏறாமல் கலிங்கு வழியாக மறுகால் போய்விடும். ஆங்கிலத்தில் இதை 'ஸ்பில்வே' என்பார்கள்.

கலிங்கு இல்லை என்றாலோ, அடைபட்டிருந்தாலோ என்ன ஆகும்? மழை பெய்யப் பெய்ய நீர்மட்டம் ஏறி, கடைசியில் கரை மேலேயே தண்ணீர் வழிய ஆரம்பிக்கும். கான்கிரீட் அணை என்றால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மண் கரை அப்படியில்லை. வழியும் தண்ணீர் கரையின் வெளிப்பக்கத்தை அரிக்கும். அரிப்பு ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி ஆகும். அந்த வாய்க்கால் அணையின் உள்பக்கம் வரை வந்துவிட்டால், மொத்த நீரும் அது வழியாகப் பாய்ந்து கரையையே பிளந்துவிடும்.

கா லோகோவில் நடந்ததும் இதுதான் என்றது, மாநில அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் நடத்தப்பட்ட தனி விசாரணை. 2007 தொடக்கத்தில் வெளியான அந்த அறிக்கை, அணையின் கலிங்கு மண் போட்டு மூடப்பட்டிருந்ததாகச் சொன்னது. அணைப் பகுதியின் உரிமையாளரான ஜேம்ஸ் ஃப்ளூகர், கார் விற்பனைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். 1990-களின் பிற்பகுதியில் அவரது நிலத்தில் நடந்த மண் வேலைகளை அறிக்கை சுட்டிக்காட்டியது. கலிங்கை மூடவில்லை என்று ஃப்ளூகர் தரப்பு மறுத்தது.

அரசு அதிகாரிகள் என்ன செய்தார்கள்?

கேள்வி உரிமையாளரோடு நிற்கவில்லை. ஹவாயில் அணைப் பாதுகாப்புச் சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. ஆனால் கா லோகோ உடையும் வரை மாநில அரசு அந்த அணையை ஒருமுறைகூட முறையாக ஆய்வு செய்யவில்லை. அனுமதி இல்லாமல் மண் வேலை நடந்தது உள்ளூர் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தும், கலிங்கு என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இன்னொரு ஓட்டை, வகைப்பாடு. அமெரிக்காவில் அணைகளை 'ஹை ஹசார்டு', 'லோ ஹசார்டு' என்று பிரிப்பார்கள். பலரும் இதை அணை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்கான மார்க் என்று நினைப்பார்கள். அது இல்லை. அணை உடைந்தால் கீழே எவ்வளவு பாதிப்பு என்பதற்கான அளவு அது. கா லோகோ அப்போது 'லோ ஹசார்டு' பட்டியலில் இருந்தது. அதாவது, உடைந்தாலும் உயிர்ச்சேதம் இருக்காது என்பது காகிதத்தில் இருந்த கணக்கு. கீழே வீடுகள் இருந்தது நிஜம்.

அணை கட்டியபோது சுற்றிலும் கரும்புக் காடு. காலப்போக்கில் கரும்பு ஆலை மூடப்பட்டது, நிலம் கைமாறியது, கீழே வீடுகள் வந்தன. அணை இருந்த இடத்திலேயே இருந்தது, ஆபத்து மட்டும் கூடிக்கொண்டே போனது. பட்டியலை அவ்வப்போது திருத்தாவிட்டால் இந்த மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாது.

தண்டனை கிடைத்ததா?

2008-ல் ஃப்ளூகர் மீது 7 பேரின் மரணத்துக்குக் காரணமானதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2013-ல் ஒரு சமரசம் வந்தது. அவர் மீதான மரணக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்த குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவில்லை. மரணங்களுக்கான பொறுப்பு அவரது நிறுவனத்தின் மேல் போனது. 2014-ல் அவருக்கு 7 மாதச் சிறைத் தண்டனை. அப்போது அவர் வயது 88. நிறுவனத்துக்கு அபராதம். உறவுகளை இழந்தவர்களுக்கு இழப்பீடு சிவில் வழக்கில் தனியாகக் கிடைத்தது. அதில் அரசுத் தரப்பும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு என்ன மாறியது?

2007-ல் ஹவாய் புதிய அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சுமார் 130 அணைகள் கண்காணிப்புக்குள் வந்தன. இதில் பெரும்பாலானவை கரும்புத் தோட்டக் காலத்து மண் அணைகள்.

அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. பழைய அணையைச் சீரமைக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். கரும்பு போன பிறகு அந்தத் தண்ணீரில் அவ்வளவு வருமானம் கிடையாது. அதனால் உரிமையாளர் முன்னால் இருப்பது மூன்று வழிகள்: செலவு செய்வது, அணையையே அகற்றுவது, அல்லது இழுத்தடிப்பது. மவுய் தீவில் அகற்றத் திட்டமிடப்பட்டிருந்த கவுபகலுவா அணையில், 2021 மார்ச்சில் கனமழையின்போது கரை மேல் தண்ணீர் வழிந்தது. கீழே இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். நல்லவேளையாக அணை உடையவில்லை. ஒவாஹு தீவில் 1906-ல் கட்டப்பட்ட வஹியாவா அணையின் கலிங்கு, பெருவெள்ளத்துக்குப் போதாது என்று தெரியவந்தது. டோல் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த அணையை அரசே எடுத்துச் சீரமைக்க 2023-ல் சட்டம் போடப்பட்டது. தனியார் லாபத்துக்குக் கட்டியது, கடைசியில் மக்கள் வரிப்பணத்தில் வந்து நிற்கிறது.

இது ஹவாய் பிரச்சினை மட்டுமா?

இல்லை. 2018 மே 9-ம் தேதி இரவு, கென்யாவின் சோலாய் பகுதியில் ஒரு தனியார் பண்ணையின் அணை கனமழையில் உடைந்து 40-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த அணைக்கு முறையான அனுமதியே இல்லை என்று அதிகாரிகள் அதன் பிறகுதான் சொன்னார்கள்.

இந்தியாவில் 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். அதைவிடச் சின்ன அணைகள் இந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன.

கடைசியில் விஷயம் இதுதான்

தனியார் அணையில் தண்ணீரின் பலன் ஒருவருக்கு. ஆபத்து கீழே இருக்கும் ஊருக்கு. அதனால் "என் நிலம், என் அணை" என்ற பேச்சு கரையோடு முடிந்துவிடும். கலிங்கு திறந்திருக்கிறதா, கரையில் மரம் வேர்விட்டிருக்கிறதா, அடிவாரத்தில் தண்ணீர் கசிகிறதா? இதையெல்லாம் பார்க்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, மழைக்கு முன்னாடி ஒருவர் நடந்து போய்ப் பார்த்தாலே போதும். கா லோகோவில் அந்த ஒருவர் யார் என்பது 116 வருஷம் கழித்து, அணை உடைந்த பிறகுதான் விவாதத்துக்கே வந்தது.