அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?



மாம்புரியில் வீடு திருத்தும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஓர் அறைக்கு எத்தனை பல்பு போடலாம்?" என்பதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல, இந்தக் கற்பிட்டிக் கரையில் ஓலைக் கொட்டிலில் குப்பி விளக்கோடு காலம் கழித்தவை. கல்வீட்டில் நிறைய வெளிச்சம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. 2010 முதல் நம் ஊரில் காற்றாலைகள் மின்சாரம் தருகின்றன. ஆனாலும் பில் நாம்தான் கட்ட வேண்டும்.

கணக்கு இலகுவானது. பல்புப் பெட்டியில் "லுமென்" என்று ஓர் எண் இருக்கும். அதுவே வெளிச்சத்தின் அளவு. இருக்க, சாப்பிட, நடமாட ஒரு சதுர மீற்றருக்கு 100 லுமென் அளவில் போதும். 10 அடிக்கு 10 அடி அறை ஏறக்குறைய 9 சதுர மீற்றர். ஆகவே 900 லுமென் தரும் ஒரு எல்.ஈ.டி. பல்பு போதும். அது 9 அல்லது 10 வோட்தான். தினம் 4 மணித்தியாலம் எரித்தாலும் மாதம் ஓர் யுனிட் அளவே வரும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் பழைய 60 வோட் இழை பல்புக்கு 7 யுனிட் ஆகும்.

தையலுக்கும் படிப்புக்கும் அதைவிட மூன்று நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதற்காகக் கூரையில் பல்புகளைக் கூட்ட வேண்டாம். விளக்கைக் கிட்டக் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். மெஷினுக்கு 2 அடி மேலே, மூடியுள்ள 5 வோட் விளக்கு ஒன்று போதும். வலக்கையால் வேலை செய்பவர் இடப்பக்கம் வைத்தால் கை நிழல் துணியில் விழாது.

சுவருக்கு வெள்ளை பூசுங்கள். புகை படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு வைத்தால் பகலில் பல்பே தேவையில்லை.

தனியாகப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் வாசலுக்கு வெளியே ஒரு விளக்குப் போடுங்கள். அதன் சுவிட்ச் வீட்டுக்குள்ளே இருக்கட்டும். இரவில் யாராவது தட்டினால், கதவைத் திறக்காமலே வெளிச்சம் போட்டு ஆளைப் பார்க்கலாம்.

இவையெல்லாம் சுவர் பூசுவதற்கு முன் முடிவாக வேண்டும். பிறகு சுவரை வெட்டுவது இரட்டைச் செலவு. மெஷின், பிள்ளைகளின் மேசை, கட்டில் வரும் இடங்களைக் கரியால் சுவரில் குறித்து, வயரிங் செய்பவரிடம் காட்டுங்கள். வழக்கம்போல் நடுவில் ஒன்று போடுவோம் என்பார். அந்த அறையில் வேலை செய்யப் போவது நீங்கள்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சமையலறைப் புகை பற்றிப் பார்ப்போம்.