பூனைக்கும் பந்தியில் ஓர் இடம்

நட்சுகி தகாயா எழுதி வரைந்த ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’, ஜப்பானில் 1998 முதல் 2006 வரை தொடராக வெளிவந்து, 23 தொகுதிகளாக நூலுருப் பெற்ற படக்கதை. ஜப்பானியர் படக்கதையை ‘மாங்கா’ என்பர். பன்னிரண்டு விலங்குகளின் ஆண்டுச் சக்கரத்தை அடிப்படையாகக் கொண்ட கதை இது. எலியின் பொய்யை நம்பிக் கடவுளின் விருந்தைத் தவறவிட்டது பூனை. ஆதலால் அதற்கு அச்சக்கரத்தில் இடமில்லை. பூனையின் சாபத்தைச் சுமக்கும் கியோவை அவன் குடும்பமே ஒதுக்குகிறது. தாயை இழந்த தோரு என்னும் மாணவி அவனை அன்பால் ஏற்கிறாள்.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ விரும்பிக் காண்கின்றனர். அயல்நாட்டுக் கதைகள் தமிழை மறக்கச் செய்யும் எனப் பெரியோர் சிலர் வருந்துகின்றனர். குறை கதையில் இல்லை. பார்த்த கதையைத் தமிழில் பேசாமையே குறை. வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, அண்டை வீட்டில் மராத்தி எனப் பிற மொழிகள் பந்தியில் அமர்ந்திருக்க, தமிழ் வாசலில் நிற்கும் பூனையாகிவிடக் கூடாது.

இக்கதையின் 2001ஆம் ஆண்டு அசைவூட்டத் தொடர், மூலக்கதை முடியுமுன்னரே 26 பகுதிகளோடு நின்றது. 2019இல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, 2021இல் முழுக்கதையும் சொல்லி முடிக்கப்பட்டது. பாதியில் நின்ற மொழியையும் அவ்வாறே தொடரலாம். ஊரிலுள்ள பாட்டிக்குத் தொலைபேசியில் கியோவின் கதையைச் சொல்ல முற்படும் சிறுமிக்குச் சாபம், பொறாமை, மன்னிப்பு ஆகிய சொற்கள் தேவைப்படும். தேவைக்குத் தேடிய சொல்லே நாவில் நிலைக்கும்.